திறந்த வாய்கள்

குளத்தில் மீன் செத்தது. தினமும் செத்தது.

தீனி போடுகிறவர் மாசிலாமணி. கல்யாணச் சமையற்காரர். ஊர் ஊராகப் பந்தி போட்டு நரைத்தவர். போதும் என்று ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்தார். ஞானம் வேண்டும் என்று, இந்த ஊருக்கு வழி சொல்லும் பொன்னரசி அம்மையிடம் வந்து சேர்ந்தார்.

அம்மைக்கு அவர் மகள் வயது. இருக்கட்டுமே. விஷயம் தெரிந்தவரிடம்தானே போக வேண்டும்.

அம்மை ஞானம் எதுவும் சொல்லவில்லை. தீனிக் கூடையைக் கையில் கொடுத்தார்.

அது சும்மா குளம் இல்லை. வருஷம் தவறாமல் வெளியூர்ச் செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போன சனங்களைப் பிடித்து நிறுத்தி, தரிசில் அம்மை வெட்ட வைத்த குளம். மழைத் தண்ணீர் நின்றது. கட்லா, ரோகு மீன் குஞ்சுகள் விட்டார்கள். போன வருஷம் பெண்களே வலை இழுத்தார்கள், தராசு பிடித்தார்கள், சந்தையில் உட்கார்ந்து விற்றார்கள். மிச்சம் வீட்டில் குழம்பாகக் கொதித்தது. பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கவில்லை.

ஒரு குளம் இவ்வளவு செய்யும். செய்தது.

இந்த வருஷம் மீன் செத்தது. சூளைக்காரன் ஆள் ஏற்ற லாரி அனுப்பிவிட்டான்.

விடிந்தும் விடியாமலும் மாசிலாமணி அம்மையின் முன்னால் போய் நின்றார்.

"என்னால முடியலம்மா."

"எது?"

"பசி. அப்படி ஒரு பசி அதுங்களுக்கு. காலையில பார்த்தா அத்தனையும் மேல வந்து வாயைப் பிளந்துகிட்டு நிக்குது. ஒரு கூடை போட்டேன். அடங்கல. ரெண்டு போட்டேன். இப்ப மூணு கொட்டறேன். தின்னவும் மாட்டேங்குது, சாகுது."

"இன்னும் போடுவீங்களா?"

"பின்னே? திறந்த வாயைப் பார்த்துட்டு சும்மா இருக்கிற கையா இது?"

அம்மை எழுந்து கரைக்கு நடந்தார். மாசிலாமணி கூடையோடு பின்னால் போனார்.

கரையில் இருளாயி மூட்டையோடு நின்றாள். வலை இழுக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அவள் பின்னால் மற்றவர்கள். எல்லார் கையிலும் மூட்டை.

"லாரி ரோட்டுல நிக்குதும்மா. மருமக வாயும் வயிறுமா இருக்கா. அவளையும் ஏத்திகிட்டுத்தான் போகணும். வேற வழி காட்டுங்க, நின்னுடுறோம்."

பிறகு மாசிலாமணியைப் பார்த்தாள்.

"மீனைச் சட்டியில போட்டுக் கொல்லுவாங்க. நீங்க குளத்துலயே முடிச்சிட்டீங்களே, சமையக்காரரே."

மாசிலாமணி குளத்துப் பக்கம் திரும்பினார். கூடையைச் சரித்துக் கொட்டப் போனார்.

"கொட்டாதீங்க," என்றார் அம்மை. "தலையில வைங்க. குளத்தைச் சுத்தி ஓடிட்டு வாங்க."

"ஓடவா? இந்த உடம்போடயா?"

"வேற உடம்பு இருக்கா?"

ஓடினார். தொப்பை குலுங்கியது. வேட்டி நழுவியது. பெண்கள் சிரித்தார்கள். மூட்டை தூக்கியவர்களும் சிரித்தார்கள்.

திரும்பி வந்தபோது கண் பிதுங்கியது. நெஞ்சு விம்மியது. வாய் ஆவென்று திறந்து கிடந்தது.

அம்மை கூடையில் கை விட்டார். தவிடும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை ஒன்றை எடுத்தார். அவர் வாயில் திணித்தார்.

மாசிலாமணி துப்பினார். இருமினார்.

"மூச்சு முட்டுதும்மா எனக்கு. இதையா கேட்டேன்?"

"வாயைத் திறந்துகிட்டு வந்தீங்க. பசின்னு நினைச்சேன்."

அவர் வாயைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

குளத்தைப் பார்த்தார். அத்தனை வாய்கள். திறந்து, மூடி, திறந்து.

கூடை கீழே விழுந்தது. வேட்டியோடு குளத்தில் குதித்தார்.

நீச்சல் தெரியாது. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்தார்.

"என்ன கூத்து இது?" என்றாள் இருளாயி.

"போட்டதெல்லாம் அடியில அழுகிக் கிடக்குடி. தண்ணியில காத்து இல்ல. மூச்சுக்குத் தவிக்குதுங்க. நான் பாவி, சோறு போட்டிருக்கேன். வந்து அடிங்க தண்ணியை."

ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது.

இருளாயி ஒரு நிமிஷம் யோசித்தாள். மூட்டையை வைத்துவிட்டு இறங்கினாள். மற்றவர்களும் இறங்கினார்கள். மூங்கில் கழியால் அடித்தார்கள். காலால் உதைத்தார்கள். குளம் நுரைத்து வெளுத்தது.

வெயில் ஏறியது. வாய்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின.

லாரி எவ்வளவு நேரம் நிற்கும்? போய்விட்டது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. தீனியை நிறுத்தினார்கள். பழைய தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டார்கள். விடிகாலையில் ஊர் எழுவதற்குள் ஒருவர் மட்டும் தவறாமல் குளத்தில் இறங்கித் தண்ணீரை அறைந்துகொண்டிருந்தார்.

வலை போட்ட அன்று வலை கொள்ளாமல் மீன் துள்ளியது. தங்கள் ஊரிலும் குளம் வெட்ட வேண்டும் என்று பக்கத்து ஊர்ப் பெண்கள் பார்க்க வந்திருந்தார்கள்.

"செத்துகிட்டு இருந்துச்சாமே அம்மா. என்ன மருந்து போட்டீங்க?"

அம்மை கழுத்தளவு தண்ணீரில் நின்று வலை பிடித்துக்கொண்டிருந்தவரைக் காட்டினார்.

"மாசிலாமணி."