மூணு தடவை பாத்தா காதல்

சீரியல்ல வர்ற ஆளுங்கள வச்சு ரசிகர்களே புதுசா கதை எழுதிப் போடுற குரூப் ஒண்ணு. அதுக்கு அட்மின் தண்டபாணி. எந்தக் கதைக்கு காதல், நட்பு, பகைன்னு லேபிள் ஒட்டணும்கிறதுல அவரு வச்சதுதான் சட்டம்.

ஆம்பூர்ல காலேஜ் படிக்கிற நிலோபர், ஒரு டாக்டரும் நர்ஸும் நண்பர்களா இருக்கிற கதைய நட்புக்கதைப் போட்டிக்கு அனுப்பியிருந்தா. கடைசி நாளன்னிக்கு அட்மின் லேபிள காதல்னு மாத்திட்டாரு. அப்படின்னா போட்டியில கிடையாது.

"ஏன் சார் மாத்தினீங்க?"

"ரெண்டு பேரும் மூணு தடவை நேருக்கு நேர் கண்ணப் பாக்குறாங்க. அது காதல்தாம்மா."

"ஆபரேஷன் தியேட்டர்ல மாஸ்க் போட்டிருக்காங்க சார். வேற எதைப் பாக்குறது?"

"விதின்னா விதிதான்."

"சரி சார். அந்த விதிய எல்லாரும் பாக்குற மாதிரி குரூப்புல மேல போட்டு வைங்களேன், நாங்களும் கத்துக்குவோம்."

மனுஷனுக்கு ஒரே பெருமை. "யாரு எழுதினாலும் இதே விதி"ன்னு சேத்துப் போட்டாரு.

பத்தே நிமிஷத்துல நிலோபர்கிட்டேருந்து குரூப்புலயே எல்லாரும் பாக்க புகார் வந்துச்சு. பகைப் பிரிவுல முதல் இடத்துல இருக்கிறது அட்மின் எழுதின கதை. அதுல ஹீரோவும் வில்லனும் பதினாலு தடவை கண்ணப் பாத்துக்கிறாங்க. "காதலுக்கு மாத்திடுங்க சார்."

"அது முறைக்கிறதும்மா."

"எப்படிப் பாக்குறாங்கன்னு எழுதினவங்களுக்குத்தான் தெரியுமா சார்?"

"பின்னே?"ன்னு டைப் பண்ணி அனுப்பிட்டுத்தான் யோசிச்சாரு. அதுக்குள்ள நானூறு பேரு படிச்சிட்டாங்க.

சாயங்காலமே நிலோபர் கதை நட்புக்குத் திரும்பிடுச்சு. அட்மின் கதைக்குக் கீழதான் ஹீரோவுக்கும் வில்லனுக்கும் எப்போ கல்யாணம்னு இன்னும் கேட்டுட்டே இருக்காங்க.