பத்து வடையை உள்ளே வை

மானிட்டர் என்ற பெரிய பெட்டி மேசையையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. உடுமலைப் பக்கம் அரிசி ஆலை முதலாளி மருதாசலம், மகள் கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சம்பந்திகளுக்குக் காட்டினார். படத்தில் அவர் நடந்து வரும்போது நடை வெட்டி வெட்டி இழுத்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டன.

வீடியோ எடுத்த பூங்கோதைக்கு ஆள் போனது.

"என்ற நடை நொண்டுது அம்மிணி!" ஆலை மிஷின் மாதிரி உறுமினார் மருதாசலம். "இப்பவே சரி பண்ணோணும். படத்துல கை வெக்கக் கூடாது. மானிட்டரு நொடிக்கு எம்பத்தஞ்சு தரம்னு ஓடுது, ஊர்லயே பெரிய நம்பரு. அதையுங் கொறைக்கக் கூடாது. என்ற ஊட்டுல எதையுங் கொறைச்சுப் பழக்கமில்ல. முடியலீன்னா இந்த ஊர்ல ஒரு கல்யாணத்துக்கும் நீ கேமரா தூக்க முடியாது."

பூங்கோதை தலையைச் சொறிந்தாள். "சரிங்க. பந்தியில இருவத்தஞ்சு பேரு. கையில எம்பத்தஞ்சு வடை. எல்லா எலைக்கும் சமமா வெக்கோணும். என்னங்க பண்றது?"

"இதென்ன கேள்வி? ஆளுக்கு மூணு. மிச்சம் பத்தை உள்ள வெய்யி. பத்துப் பேருக்கு மட்டும் நாலு வெச்சா சண்டை வராதா?"

"உத்தரவுங்க" என்று மானிட்டரின் எண்பத்தைந்தை எழுபத்தைந்தாக்கினாள் பூங்கோதை. திரையில் மருதாசலம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி நடந்து வந்தார்.

"ஆரைக் கேட்டுக் கொறைச்சே?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க! வீடியோவுல நொடிக்கு இருவத்தஞ்சு படம், அதுதான் பந்தி. மானிட்டரு நொடிக்கு எத்தனை தரம் காட்டுதோ, அத்தனை வடை. பத்துப் படத்துக்கு மட்டும் நாலு போச்சு, மத்ததுக்கு மூணுதானுங்க. அந்தச் சண்டையிலதான் உங்க காலு நொண்டுச்சு."

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். மருதாசலமும் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

அந்தப் பெட்டி மானிட்டர்களெல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஆனால் அந்த ஊர்ப் பந்தியில் நாலாவது வடைக்கு யாராவது இலையைக் காட்டினால், இன்றைக்கும் ஒரு குரல் வரும்:

"வேண்டாஞ் சாமி, மொதலாளி நொண்டுவாரு!"