கனகு நிதானமாகப் படிக்க மூவர் பட்ட பாடு

தணிகாசலத்துக்குத் தன் மூளையைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அதனால் எதையும் தனியாக யோசிக்கமாட்டார். மச்சினன் வீரபாகுவையும் பக்கத்து வீட்டுச் சிங்காரவேலுவையும் சேர்த்துக்கொள்வார். தவறினாலும் பழி மூன்று பேருக்கும் பொது அல்லவா.

அவருடைய மகள் கனகு ஐந்தாம் வகுப்பு. பரீட்சை என்றாலே கை நடுங்கும், படித்தது மறந்துபோகும். அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் மரகதம் டீச்சர் தணிகாசலத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"வீட்டுல சத்தம் இல்லாம பார்த்துக்குங்க. பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சுக் கொடுங்க. பயம் போயிடும்."

அன்றைக்கே வேலை தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் போர்வையில் சுற்றி அரிசிப் பானைக்குள் இறக்கினார்கள். சிங்காரவேலு தெருவில் இறங்கி, யாரும் சத்தம் போடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கத்தினார். அவருக்குத் தொண்டை கட்டிய பிறகுதான் தெரு அமைதியானது.

அடுத்து, தணிகாசலம் கத்தரிக்கோலை எடுத்தார்.

"நீளவாக்குலயா, குறுக்குவாக்குலயா?"

"ரெண்டு வாக்குலயும் வெட்டுங்க மாமா," என்றான் வீரபாகு. "கணக்கு கஷ்டமான பாடம். அதை இன்னும் பொடிசா."

கனகு வந்து பார்த்தபோது புத்தகங்கள் முறத்தில் இருந்தன. அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். தணிகாசலம் குறுகிப்போனார். துண்டு பெரிதாகிவிட்டதோ?

மறுநாள் டீச்சர் வேறு புத்தகங்கள் கொடுத்து, "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா போதும்," என்றார்.

எவ்வளவு தள்ளி? கேட்க வெட்கமாக இருந்தது. வாசலில் நின்றார்கள், பக்கமாகத் தோன்றியது. தெருமுனைக்குப் போனார்கள், அதுவும் பக்கம்தான். கடைசியில் பஸ் ஏறி, அடுத்த ஊர் ஏரிக்கரையில் போய் நின்றார்கள்.

"பிள்ளை தெரியலையே," என்றார் தணிகாசலம் கவலையோடு.

"தள்ளி நிக்கிறது சரியா நடக்குது," என்றார் சிங்காரவேலு, கட்டிய தொண்டையில். "பார்க்கிறதுதான் பாக்கி."

அதற்கு வீரபாகுவை ஊருக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தான்.

"நிதானமாப் படிக்குது மாமா. கை நடுங்கல. வீட்டுல ஒரு சத்தம் இல்லை. ஒரே ஒரு குறை. ஜன்னல் வழியாப் பார்த்தா நீங்க நிக்கிறது தெரியவே மாட்டேங்குது."

தணிகாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. அங்கே கிடந்த பெரிய கல்லின் மேல் ஏறி, ஊர் இருக்கும் திசையைப் பார்த்து, மகளின் கவனம் கலையாதபடி மெதுவாகக் கையை அசைத்தார்.