துரை பங்களாவின் ரோஸ் பூக்கள்

இந்தக் கதை கூடலூர்ப் பக்கம் நடந்ததாக என் விடுதித் தோழி சொன்னது. நான் நேரில் பார்க்கவில்லை.

எஸ்டேட் தொழிலாளர்களின் காய்கறித் தோட்டம் அமில மண். அந்த அமிலத்தைக் குறைக்க முதலாளி அனுப்பிய சுண்ணாம்பு மூட்டைகளைத் தோட்டக்காரி அன்னக்கொடி விற்றுவிட்டாள் என்றார் மானேஜர் துரை. பீட்ரூட் கோலிக்குண்டுக்கு மேல் பருக்காததே சாட்சி. அவளை வேலையைவிட்டு நிறுத்த முதலாளியே துரையின் பங்களாவுக்கு வந்துவிட்டார்.

அன்னக்கொடி பணிவாகக் கேட்டாள்: "துரை, உங்க பங்களா ஹைட்ரேஞ்சியா போன வருஷம் நீலமாத்தானே பூத்துச்சு? இப்ப ரோஸ் கலரா பூத்துக் குலுங்குதே, என்ன போட்டீங்க?"

"எதுவும் போடல. எல்லாம் என் கைராசி!"

"இல்லீங்க முதலாளி, அது எங்க சுண்ணாம்பு. அதைப் போட்டா அந்தப் பூ நிறம் மாறிடும்."

முதலாளி துரையைப் பார்த்தார். துரை பூவைப் பார்த்தார். மறுநாளும் அன்னக்கொடி வேலைக்கு வந்தாள்.

பிறகு தாவரவியல் நூலில் சரிபார்த்தேன். அமில மண்ணில் நீலமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, சுண்ணாம்பு சேர்த்தால் ரோஸ் நிறமாகும் என்றே இருந்தது. கைராசி பற்றி ஒரு வரியும் இல்லை.