லாரி விழுங்கிய பட்டுத்துண்டு

கல்யாண மண்டபங்களில் ஏசி குழாய்க்குள் அடையும் தூசியை உறிஞ்சுவதற்கென்றே மாசிலாமணி முதலாளி ஒரு லாரி வைத்திருந்தார். லாரி மேலே இயந்திரம், அதற்குள் ஒரு தூசிப்பை. அவ்வப்போது நிறுத்திப் பையை உதறினால் போதும், வேறு பராமரிப்பே கிடையாது. அதைச் செய்யத்தான் அவர் விடமாட்டார்.

"பை உதறுறேன்னு வண்டிய நிறுத்தினே, வேலை போயிடும். உறிஞ்சுற இழுவை குறைஞ்சாலும் போயிடும். புரிஞ்சுதா?"

"ஆகட்டும் முதலாளி. நீங்களா சொல்லாம நிறுத்த மாட்டேன்," என்றாள் இயந்திரத்தை ஓட்டும் அஞ்சலை. வீட்டில் அடுப்பெரிவதே அந்த வேலையால்தான்.

ஏசி குழாயைத் தட்டத் தட்ட, பழைய கல்யாணங்களெல்லாம் கனவு மாதிரி இறங்கி வந்தன. காய்ந்த மல்லி, ஜிகினா, சந்தன வாசம். ஜன்னல் வெயிலில் தூசி அப்படியே மிதந்தது. பை நிரம்பிப்போய், உறிஞ்ச வேண்டிய ஹோஸ் தூங்கி வழிந்தது.

"இழுவை குறைஞ்சிடுச்சா?" முதலாளி பாய்ந்து வந்தார்.

"எனக்கென்ன தெரியும்? உங்க தோள்ல கிடக்கிற பட்டுத்துண்டு லேசு. ஹோஸ் வாயில காட்டிப் பாருங்க."

காட்டினார். இருந்தது கொஞ்சம் இழுவைதான், பட்டுக்கு அதுவே போதும். சரக்கென்று உள்ளே போய்விட்டது. சம்பந்தி போர்த்திய துண்டு!

"ஐயோ, நிறுத்து!"

"வேலை போயிடுமே முதலாளி?"

"போகாது தாயே, நிறுத்து!"

நிறுத்தினாள். பையைத் திறந்து நிதானமாக உதறினாள். மேகம் மாதிரித் தூசி பறந்தது, கடைசியில் துண்டும் வந்தது. மறுபடி ஓட்டியதும் ஹோஸ் சீறியது. மிதந்த கல்யாணமெல்லாம் மளமளவென்று உள்ளே போனது.

அதற்கப்புறம் இழுவை குறையும்போதெல்லாம் அஞ்சலை முதலாளியின் தோளை மட்டும் பார்ப்பாள். அவர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொல்வார்:

"சரி சரி, உதறித் தொலை."