எழுந்திரு என்று சொல்ல ஆளில்லாத நாடகம்

எலிசபெத் ராணி இங்கிலாந்தை ஆண்ட நாளில், மூன்றே பேர் கொண்ட நாடகக் குழு ஒன்று வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. முதலாளி ஆம்ப்ரோஸ்தான் ராஜா. ஹம்ஃப்ரி மந்திரி. பெண்கள் மேடையேறாத காலம் என்பதால், தொழில் பழக வந்த பையன் டிக்கன் ராணி.

டிக்கன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். "மேடையை மட்டும் பார்த்து நட" என்றார் முதலாளி. பலகையையே பார்த்து நடந்தவன், பலகை முடிந்த இடத்தில் ஒரு பாதிரியாரின் மடியில் போய் விழுந்தான். அடுத்த ஊரில் விஷம் குடித்துச் செத்த பிறகு தும்மிவிட்டான். ஊரே சிரித்தது.

"இன்னொரு தடவை பிணமா கிடக்கும்போது அசைஞ்சே, உங்கப்பனோட தோல் கிடங்குக்கே திருப்பி அனுப்பிடுவேன்!" என்று முதலாளி குதித்தார். "நான் எழுந்திருன்னு சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஹம்ஃப்ரி, நீயும்தான்!"

அப்பாவின் கிடங்கில் பச்சைத் தோல் நாறுவது டிக்கனுக்கு நினைவு வந்தது. அந்த நாற்றத்துக்குத் திரும்புவதைவிடச் செத்தே கிடக்கலாம் என்று முடிவு செய்தான்.

அதற்கடுத்த ஊர். வழக்கப்படி மேயர் முன்னால் முதலில் ஆடிக் காட்ட வேண்டும். அவர் தலையசைத்தால்தான் ஊரில் நாடகம். ராணி விஷம் குடித்துச் செத்தாள். மந்திரி கத்திக்குத்துப் பட்டுச் செத்தான். ராஜா துக்கம் தாளாமல் தன்னையே குத்திக்கொண்டு செத்தார்.

மேயர் கைதட்டினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"முதலாளி, சொல்லுங்க," என்று கிசுகிசுத்தான் ஹம்ஃப்ரி.

"எப்படிடா சொல்றது? நான்தான் செத்துட்டேனே!"

"உங்களுக்கு முன்னாடியே செத்தவன் நான். நானும் சொல்ல முடியாதே."

"அதுவும் நியாயந்தான். பேசாம கிட."

டிக்கன் மூச்சுகூட விடவில்லை. நடிக்கிறோமா, நிஜமாகவே போய்விட்டோமா என்று நேரம் ஆக ஆக அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மேயர் பயந்துபோய் குழிவெட்டியை வரவழைத்தார். அவன் மூவரையும் அவர்கள் வண்டியிலேயே ஏற்றிக் கொண்டுபோய் ஒரே குழியில் அடுக்கினான். முதல் மண் டிக்கனின் மூக்கில் விழுந்தது.

"அச்!"

குழிவெட்டி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

"மறுபடியும் தும்மிட்டான் பாரு! நாளைக்கே நீ தோல் கிடங்குக்குப் போற," என்றார் முதலாளி.

"பிணம் பேசலாமா, முதலாளி?" என்றான் டிக்கன்.

"நான் பேசினது உன் காதுல விழுந்துதா? அப்போ நீ ஒழுங்கா சாகவே இல்லை! ஹம்ஃப்ரி, உனக்குக் கேட்டுதா?"

"எனக்கு ஒண்ணுமே கேட்கலை, முதலாளி."

டிக்கன் கொஞ்சம் யோசித்தான். "எனக்கும் கேட்கலை, முதலாளி."

"அப்படின்னா சரி. நாளைக்கும் நீதான் ராணி."

மூவரும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு, மிச்ச மண்ணைத் தள்ள குழிவெட்டி எப்போது வருவான் என்று காத்துக் கிடந்தார்கள்.