வலப்பக்கத்து சீட்

"மேஸ்திரி, வண்டி தயாராயிருச்சு. ஆனா ஓட்ட முடியல," என்றார் அர்த்தநாரி.

குழந்தைவேல் மேஸ்திரி தன் மெக்கானிக் ஷெட்டில் பனியன் வேஸ்ட் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். பத்து விரலையும் துடைத்து முடிக்கும்வரை அவர் யாருக்கும் பதில் சொல்லமாட்டார்.

அர்த்தநாரி காத்திருந்தார். வேறு யாருக்காகவும் அவர் இப்படிக் காத்திருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வைத்துத் தொழில் செய்தவர் அவர். வடக்கே ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்தவர். எங்கே தண்ணீர் இருக்கிறது என்று பூமிக்கே சொல்லிக்கொடுக்கிற ஆள். அடுத்தவர் பேச்சு அவர் காதில் நுழைந்ததே இல்லை.

ஒரு தடவை மத்தியப்பிரதேசத்தில் பழைய ஜமீன் பங்களா ஒன்றில் போர் போடப் போனார். அங்கே மாட்டுக்கொட்டகைக்குள் ஒரு கார் கிடந்தது. அதில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

இத்தாலியில் செய்த பந்தயக் கார் ஜாதி. ரெண்டே சீட்டு. இடுப்பு உயரம்கூட இல்லை. துருவுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு பெயின்ட் மிச்சமிருந்தது. அவ்வளவுதான், மனுசன் விழுந்துவிட்டார். கோழியைத் துரத்திவிட்டு, காரை லாரியில் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தார்.

தொழிலை மகனிடம் ஒப்படைத்தார். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டார். உள்ளே போனவர் எட்டு வருசம் வெளியே வரவில்லை என்றே சொல்லலாம்.

தகடு அடித்தார். கார்புரேட்டரைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சீட்டுக்குத் தோல் தைக்கப் பழகினார். மாட்டிக்கொண்ட இடத்தில் எல்லாம் மேஸ்திரியிடம் ஓடினார்.

மேஸ்திரி அவரைவிட இருபது வயது சின்னவர். இருந்தால் என்ன, குரு குருதானே. அர்த்தநாரி டீக்கடை டீக்கடையாக அவர் புகழைப் பாடினார்.

அப்படிப் பாடுவதற்கு விஷயமும் இருந்தது. ஒரு சமயம் காரில் பெட்ரோல் வாசனை வந்தது. அர்த்தநாரி ரெண்டு மாசம் முன்பக்கம் முழுக்கப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. மேஸ்திரி வந்தார், காப்பி குடித்தார், நேராகப் பின்பக்கம் போய்க் குனிந்தார். பெட்ரோல் ஊற்றுகிற குழாயில் மயிரிழை விரிசல். விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு சமயம் வண்டி சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது. அர்த்தநாரி ஒயர் எல்லாவற்றையும் மாற்றினார். மேஸ்திரி வந்தார், காப்பி குடித்தார், கூரையை ஒரு பார்வை பார்த்தார். வண்டியை நாலடி தள்ளி நிறுத்தச் சொன்னார். மறுநாளிலிருந்து ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆனது. மழை பெய்த அன்றெல்லாம் தகர ஓட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர், பானெட் இல்லாத என்ஜினில் கரெக்டாக, கரன்ட் பிரிக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மேல் விழுந்திருக்கிறது.

என்ஜினைத் தொடாமலே என்ஜினைச் சரிசெய்த ஞானி என்று அர்த்தநாரி உருகிப்போனார்.

இப்போது அந்த ஞானி கை துடைத்து முடித்தார்.

"ஏனுங்கண்ணா ஓட்ட முடியல?"

ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிறது, அதுதான் சங்கதி. கார் பள்ளத்தில் கிடக்கிற மாதிரித் தாழ்வு. முன்னால் ஒரு லாரி போனால் அதன் பின்பலகைதான் தெரிகிறது, எதிரே என்ன வருகிறது என்று தெரிவதில்லை. முதல் நாள் ஓட்டம் சங்ககிரி வரைக்கும் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னாலேயே முடிந்தது. ரெண்டாம் நாள் துணிந்து மூக்கை வெளியே நீட்டினார். பஸ் ஒன்று கண்ணாடியை உரசிக்கொண்டு போனது.

அதனால் முடிவு பண்ணிவிட்டார். சேலத்திலிருந்து ஓர் ஆள் வெள்ளிக்கிழமை வருகிறார். முன்பக்கத் தகட்டை அறுத்து, டேஷ்போர்டை ரெண்டாக்கி, ஸ்டீயரிங்கை வலது பக்கம் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

அறுத்தால் அறுத்ததுதான். அப்புறம் ஒட்டவைத்தாலும் அது அந்தக் கார் இல்லை. எட்டு வருச உழைப்பை அவரே கூப்பிட்டு அறுக்கக் கொடுக்கிறார். ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"இன்னிக்குப் புதன்தானுங்களே," என்றார் மேஸ்திரி. "ஒரு ரவுண்டு போயிட்டு வருவமுங்க."

வீட்டுக்கு வந்தார்கள். வலது சீட்டில் ஸ்பானர் பெட்டி உட்கார்ந்திருந்தது. சீட் தைத்த நாளிலிருந்து அதுதான் அங்கே குடியிருந்தது. மேஸ்திரி பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு ஏறினார்.

அர்த்தநாரியின் மனைவி நல்லம்மாள் கிணற்றடியில் நின்று பார்த்தார். எட்டு வருசத்தில் சொல்லிச் சொல்லி, விட்டுவிட்டவர் அவர்.

சங்ககிரி ரோட்டில் மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு வைக்கோல் லாரி மாட்டியது. யானைக்குட்டி ஊர்வலம் போகிற வேகம்.

"என்னங்கண்ணா தெரியுது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"வைக்கோல் தெரியுது."

"எனக்கு ரோடு தெரியுதுங்க."

அதோடு சும்மா இருந்துவிட்டார். ரெண்டு கிலோமீட்டர் போனது. அர்த்தநாரியின் முகமெல்லாம் வைக்கோல் தூசு. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரோடு தெரிஞ்சா சொல்றதுக்கென்ன மேஸ்திரி?"

"நீங்க கேக்கலீங்களே."

அர்த்தநாரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மேஸ்திரி எட்டிப் பார்த்து, போங்க என்றார்.

அர்த்தநாரி போகவில்லை. நிஜமாகவே காலியாக இருக்கிறதா என்று தானும் பார்க்க மூக்கை மட்டும் நீட்டினார். பார்த்து முடிப்பதற்குள் எதிரே ஒரு வேன் வந்துவிட்டது. வெடுக்கென்று உள்ளே இழுத்தார்.

ரெண்டாம் தடவையும் போங்க என்றார் மேஸ்திரி. ரெண்டாம் தடவையும் இதே கூத்து. மூன்றாம் தடவையும்.

"ஓரமா நிறுத்துங்க," என்று மேஸ்திரி இறங்கிக்கொண்டார். பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னார்.

அர்த்தநாரி பின்னாலேயே இறங்கி ஓடினார். "இப்படிப் பாதியில எறங்கினா எப்படி? வெள்ளிக்கிழமை அறுத்துருவாங்க மேஸ்திரி."

"பதினோரு வருசம் லாரியில கிளீனரா இருந்தனுங்கண்ணா. பின்னால நின்னு பாடியைத் தட்டுவேன். அந்தத் தட்டுக்கு டிரைவர் ரிவர்ஸ் எடுப்பாரு. பின்னால கெணறே இருந்தாலும் எடுப்பாரு. அவரும் உங்களாட்ட எட்டி எட்டிப் பாத்திருந்தா நான் எதுக்குங்க?"

"நீங்க என் குரு. உங்க பேச்சையே கேக்கலன்னா நான் இனி யார் பேச்சைக் கேப்பேன்?"

மேஸ்திரி ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது.

"இதுவரைக்கும் வேல செஞ்சது எம்பேச்சு இல்லீங்கண்ணா. பெட்ரோல் வாசனை பின்னாலிருந்து வருதுன்னு காப்பி கொடுக்கையில எங்கிட்டச் சொன்னது அக்கா. மழை பேஞ்ச அன்னிக்குத்தான் வண்டி எடுக்க மாட்டேங்குதுன்னு சொன்னதும் அக்கா. நான் கேட்டேன். அவ்வளவுதானுங்க என் தொழில்."

பஸ் நின்றது. மேஸ்திரி ஏறிப் போய்விட்டார்.

அர்த்தநாரி புளியமரத்தடியில் காரோடு உட்கார்ந்திருந்தார்.

ஞாபகம் வந்தது. பெட்ரோல் வாசனையை நல்லம்மாள் முதலில் சொன்னது அவரிடம்தான். பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில் குப்பென்று அடிக்கிறது என்றார். உனக்கென்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, இவர் முன்பக்கத்தைப் பிரிக்கப் போய்விட்டார். மழை விஷயம் சொன்னபோது தலையைக்கூடத் திருப்பவில்லை.

அவமானமாக இருந்தது. திரும்பி வருகிற வழியில் ஒரு டிராக்டர் முன்னால் அகப்பட்டுக்கொண்டதால், எட்டு வருசத்துக்கும் சேர்த்து அவமானப்பட நேரமும் தாராளமாகக் கிடைத்தது.

வீட்டில் நல்லம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி வாசலில் நின்றார். ஆயிரம் அடி ஆழத்துக்குப் போர் போட்ட ஆளுக்கு ஒரு வாக்கியம் வாயிலிருந்து வரவில்லை.

"ஒரு ரவுண்டு வர்றியா? சங்ககிரி வரைக்கும்," என்றார் கடைசியில்.

நல்லம்மாள் அவரைப் பார்த்தார். அப்புறம் காரைப் பார்த்தார்.

"அந்த ஸ்பானர் பெட்டி எங்கே?"

"எறக்கி வெச்சாச்சு."

நல்லம்மாள் மடித்த துணியைக் கட்டிலில் வைத்தார். தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு வந்து வலது சீட்டில் உட்கார்ந்தார். தோலைத் தடவிப் பார்த்தார். தையல் நல்லாத்தான் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ரோட்டில் ஒரு பஞ்சு லாரி மாட்டியது. தார்ப்பாய் போட்டு, வீடே நகர்கிற மாதிரி முன்னால் போனது.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார் அர்த்தநாரி. இந்த மூன்று வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "எப்பப் போலாம்னு நீ சொல்லு."

"நான் சொன்னாப் போவீங்களா?"

"போறேன்."

நல்லம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "இருங்க."

இருந்தார். ஒரு பஸ் கடந்தது.

"இருங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. இவள் விட்டுவிட்டாள், இந்நேரம் போயிருக்கலாம் என்று அர்த்தநாரிக்குத் தோன்றியது. ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் புருசன், பெண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள் சகிதம் லாரியைத் தாண்டி எதிரே வந்து போனது.

நல்லவேளை, போகவில்லை.

"இப்பப் போங்க," என்றார் நல்லம்மாள்.

மூக்கை நீட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே வளைத்து, மிதித்தார். என்ஜின் ஒரு சத்தம் கொடுத்தது, எட்டு வருசமாகத் தொண்டையில் வைத்திருந்த சத்தம். லாரியின் டயர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. டிரைவர் கதவு போனது. முன்விளக்கு போனது.

ரோடு முழுக்கக் காலி. சங்ககிரிக் கோட்டை மலை பளிச்சென்று எதிரே நின்றது.

அர்த்தநாரி பெருமூச்சு விட்டார். நெஞ்சிலிருந்து கல்லை எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. கண்ணில் நீர் முட்டியது, அதை முகத்தில் மிச்சமிருந்த வைக்கோல் தூசு மேல் பழிபோட்டுத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நல்லம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டே வருசக்கணக்காகியிருந்தது.

அதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டது. பின்னால் ஒட்டிக்கொண்டார். சட்டைப்பையில் போன் அடித்தது. நல்லம்மாள் கைவிட்டு எடுத்தார்.

"சேலத்துக்காரருங்க. வெள்ளிக்கிழமை அறுக்கறதுக்கு மிஷினைக் கொண்டாரட்டுமான்னு கேக்கறாரு."

அர்த்தநாரி லாரியின் பின்பலகையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கல்யாணமாகி முப்பத்தொரு வருசம் ஆகியிருந்தது.

"நீ என்ன சொல்றே?" என்று கேட்டார்.

நல்லம்மாள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாங்க," என்றார் போனில்.

"போங்க," என்றார் அவரிடம்.